விபத்துக்களின் பின்னர் எழுதப்படும் கடல் விதிகள்

உலக வர்த்தகப் பொருட்களில், அளவின் அடிப்படையில், 80 வீதத்துக்கும் அதிகமானவை கடல் மார்க்கமாகவே எடுத்துச் செல்லப்படுகின்றன. மத்திய கிழக்கிலிருந்து கிழக்காசியாவுக்குச் செல்லும் மசகு எண்ணெயும் அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கைத்தொழிற் பொருட்களும் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பாலுள்ள கடற்பாதையைக் கடந்தே செல்கின்றன. இக்கப்பல்களில் பல எமது துறைமுகம் எதனையும் நாடுவதில்லை. கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டவர். அது தாங்கிச் செல்லும் கொடி இன்னொரு நாட்டினுடையது. மாலுமிகள் வேறு நாடுகளைச் சேர்ந்தவர்கள். காப்புறுதி பிறிதொரு நாட்டில். ஆனால், அவற்றிலொன்று தீப்பற்றினாலோ தரைதட்டினாலோ அதன் விளைவை அனுபவிப்பவர்கள் கரையில் வாழும் மக்களேயாவர்.

இத்தகைய கப்பல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் யாருடையது? எந்தவொரு தனி நாட்டினதும் அல்ல என்பதே இதற்கான விடையாகும். லண்டனைத் தலைமையகமாகக் கொண்டியங்கும் சர்வதேச கடல்சார் அமைப்பின் கீழ் நாடுகள் இணங்கிக்கொண்ட சமவாயங்களே கப்பல்களின் பாதுகாப்பையும் கடல் மாசடைதலையும் நெறிப்படுத்துகின்றன. இச்சமவாயங்களின் வரலாற்றை நோக்கும் ஒருவர் ஓர் உண்மையைத் தெளிவாகக் கண்டுகொள்ளலாம். அவற்றில் முக்கியமானவை பெரும்பாலும் ஒரு பேரழிவின் பின்னரே எழுதப்பட்டுள்ளன. அத்துடன், அந்த அழிவு எந்த நாட்டின் கரையில் நிகழ்ந்தது என்பதும், அந்நாட்டின் குரல் எவ்வளவு தூரம் எடுபடக்கூடியது என்பதும் விதி எவ்வளவு விரைவாக எழுதப்படுகின்றது என்பதைத் தீர்மானித்து வந்துள்ளன.

உயிர்ப் பாதுகாப்பு

1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கியபோது அக்கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கு மாத்திரமே இடமிருந்தது. 1,500 பேருக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இதில் வியப்புக்குரிய விடயம் யாதெனில், அக்கப்பல் அக்காலத்து விதிகளை மீறியிருக்கவில்லை என்பதுதான். படகுகளின் எண்ணிக்கை பயணிகளின் தொகையைக் கொண்டல்லாமல் கப்பலின் தொன் அளவைக் கொண்டே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. மிகப் பெரிய கப்பல்கள் தோன்றியபோது விதி அவற்றைத் தொடர்ந்து செல்லவில்லை.

இதன் விளைவாக 1914 ஜனவரியில் லண்டனில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச சமவாயம் கைச்சாத்திடப்பட்டது. முதலாம் உலக யுத்தம் மூண்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929, 1948, 1960ஆம் ஆண்டுகளில் புதிய வடிவங்கள் எழுதப்பட்டு, இறுதியாக 1974இல் நிறைவேற்றப்பட்ட சமவாயமே 1980 மே 25 முதல் இன்றுவரை நடைமுறையிலுள்ளது. 'சோலாஸ்' என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் இச்சமவாயம் கப்பலின் கட்டமைப்பு, தீத்தடுப்பு, உயிர்காப்புச் சாதனங்கள், வானொலித் தொடர்பு, ஆபத்தான சரக்குகளைக் கையாளும் முறை ஆகிய அனைத்தையும் உள்ளடக்குகின்றது.

1974ஆம் ஆண்டின் சமவாயம் மற்றுமொரு முக்கிய மாற்றத்தையும் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் திருத்தமொன்று நடைமுறைக்கு வருவதற்கு அங்கத்துவ நாடுகளில் பெரும்பான்மையானவை வெளிப்படையாக அதனை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதனால் பல திருத்தங்கள் ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே கிடந்தன. புதிய ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட காலத்தினுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நாடுகளோ, உலக வர்த்தகக் கப்பல்களின் மொத்தத் தொன் அளவில் அரைவாசியையாவது கொண்டுள்ள நாடுகளோ ஆட்சேபிக்காவிடின் திருத்தம் தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். கப்பற்போக்குவரத்து விதிகள் காலத்துக்கேற்ப மாறக்கூடியவையாக இருப்பதற்கு இந்த 'மௌன சம்மத' முறையே காரணமெனலாம்.

கடல் மாசடைதல்

1967 மார்ச் 18ஆம் திகதி, லைபீரியக் கொடியுடன் சென்ற 'டொரி கன்யன்' என்ற எண்ணெய்த்தாங்கிக் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கப்பால் பாறையில் மோதியது. ஏறத்தாழ 120,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற அக்கப்பலை என்ன செய்வதென்று அறியாத பிரித்தானிய அரசாங்கம் இறுதியில் அதன்மீது விமானத்திலிருந்து குண்டு வீசி எண்ணெயை எரித்துவிட முயன்றது. எண்ணெய் இங்கிலாந்தின் கரைகளையும் பிரான்ஸின் கரைகளையும் சென்றடைந்தது. தனது கடல் எல்லைக்கு வெளியே வெளிநாட்டுக் கப்பலொன்றில் தலையிடுவதற்கு ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா, சேதத்துக்கு யார் பொறுப்பு, நட்டஈடு எவ்வளவு ஆகிய கேள்விகளுக்கு அன்றைய சர்வதேச சட்டத்தில் தெளிவான விடை இருக்கவில்லை.

அவ்விடைகள் அதன் பின்னரே எழுதப்பட்டன. 1969இல் கரையோர நாட்டின் தலையீட்டு உரிமை பற்றிய சமவாயமும், எண்ணெய் மாசினால் ஏற்படும் சேதத்துக்கான குடியியற் பொறுப்புச் சமவாயமும் நிறைவேற்றப்பட்டன. 1973இல் 'மார்போல்' எனப்படும், கப்பல்களால் ஏற்படும் மாசடைதலைத் தடுப்பதற்கான சமவாயம் உருவாகியது. 1978இல் அதற்கான மேலதிக உடன்படிக்கை சேர்க்கப்பட்டு, 1983 ஒக்டோபர் 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

மார்போலுக்கு ஆறு இணைப்புகள் உள்ளன. முதலாவது எண்ணெய் பற்றியது. இரண்டாவது தாங்கிகளில் திரவமாகக் கொண்டுசெல்லப்படும் நச்சு இரசாயனங்கள் பற்றியது. மூன்றாவது பொதிகளிலும் கொள்கலன்களிலும் அடைக்கப்பட்ட தீங்கான பொருட்கள் பற்றியது. நான்காவது கழிவுநீரையும், ஐந்தாவது குப்பையையும், ஆறாவது புகைபோக்கி வழியாக வெளியேறும் வாயுக்களையும் கட்டுப்படுத்துகின்றன. ஐந்தாம் இணைப்பின்படி எந்தக் கடற்பரப்பிலும் பிளாஸ்டிக் கழிவைக் கடலில் வீசுதல் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஆறாம் இணைப்பின்கீழ், 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் இருக்கக்கூடிய கந்தகத்தின் அளவு 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டது.

அடுத்தடுத்த அழிவுகள் அடுத்தடுத்த விதிகளைக் கொண்டுவந்தன. 1987இல் பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்துக்கு வெளியே, முன்கதவு மூடப்படாமலே புறப்பட்ட பயணிகள் கப்பலொன்று கவிழ்ந்து 193 பேர் உயிரிழந்தனர். மாலுமியின் தவறுக்குப் பின்னால் நிர்வாகத்தின் தவறும் இருக்கின்றது என்பதை அவ்விபத்து உணர்த்தியது. கப்பல் நிறுவனத்தின் கரையிலுள்ள நிர்வாகத்தையும் பொறுப்பாளியாக்கும் பாதுகாப்பு முகாமைத்துவக் கோவை 1998 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. 1989இல் 'எக்ஸோன் வால்டெஸ்' அலாஸ்காவில் தரைதட்டி ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெய் கசிந்ததையடுத்து அமெரிக்கா தனக்கெனச் சட்டமியற்றியது. அதன் பின்னர், புதிதாகக் கட்டப்படும் எண்ணெய்த்தாங்கிக் கப்பல்கள் இரட்டை அடித்தளமும் இரட்டைப் பக்கச் சுவர்களும் கொண்டிருக்க வேண்டும் என்பது 1992இல் உலக விதியாகியது.

இவ்விதிகள் வீண்போகவில்லை. 1970களில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 24 என்ற அளவிலிருந்த, 700 தொன்னுக்கு மேற்பட்ட பெரும் எண்ணெய்க் கசிவுகள் 2010களில் ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவாக வீழ்ச்சியடைந்தன. இக்காலப்பகுதியில் கடலில் எடுத்துச் செல்லப்பட்ட எண்ணெயின் அளவு குறையவில்லை என்பதையும் கருத்திற்கொண்டால், தெளிவான விதியும் அதனை நடைமுறைப்படுத்தும் உறுதியும் இருந்தால் கடலைப் பாதுகாக்க முடியும் என்பது புலனாகும்.

யார் நடைமுறைப்படுத்துவது?

சர்வதேச கடல்சார் அமைப்புக்கு எனக் காவற்படையோ நீதிமன்றமோ இல்லை. விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மூன்று தரப்பினரிடையே பகிரப்பட்டுள்ளது. முதலாவது கொடி அரசு, அதாவது கப்பல் பதிவு செய்யப்பட்ட நாடு. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயத்தின்படி, கப்பலைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்குவதும் அதன் தவறுகளை விசாரிப்பதும் முதன்மையாகக் கொடி அரசின் கடமையாகும். ஆனால், உலகக் கப்பல்களின் பெரும் பகுதி லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகளின் கொடியைத் தாங்குகின்றது. வெளிநாட்டு உரிமையாளருக்குக் குறைந்த கட்டணத்தில் பதிவை வழங்கும் இம்முறை 'வசதிக்கொடி' என அழைக்கப்படுகின்றது. தன் கரைக்கே வராத கப்பலைத் தொலைவிலிருந்து மேற்பார்வை செய்வது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பது நீண்டகாலக் கேள்வியாகும்.

இந்தக் குறையை நிரப்புவதற்காக எழுந்ததே துறைமுக அரசின் கட்டுப்பாடாகும். 1978இல் 'அமோக்கோ காடிஸ்' பிரான்ஸின் பிரித்தானி கரையில் உடைந்து 220,000 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்ததையடுத்து, ஐரோப்பிய நாடுகள் 1982இல் பாரிஸ் புரிந்துணர்வு உடன்படிக்கையைச் செய்துகொண்டன. துறைமுகத்துக்கு வரும் எந்தக் கொடியையுடைய கப்பலையும் பரிசோதிக்கவும், குறைபாடு காணப்படின் தடுத்து வைக்கவும் அது வழிவகுத்தது. இலங்கையும் அங்கம் வகிக்கும் இந்து சமுத்திரப் புரிந்துணர்வு உடன்படிக்கை 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் செயலகம் இந்தியாவின் கோவாவில் இயங்குகின்றது.

மூன்றாவது தரப்பு கரையோர அரசு. மூவரிலும் குறைந்த அதிகாரமும் கூடிய பாதிப்பும் உடையது இதுவேயாகும். இலங்கை இதனை அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் இரு தடவைகள் அனுபவித்தது.

இரு கப்பல்கள், இரு முடிவுகள்

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்றுகொண்டிருந்த, பனாமாக் கொடியுடைய 'நியூ டயமன்ட்' அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தனர். எண்ணெய்த் தாங்கிகளைத் தீ எட்டவில்லை. எட்டியிருப்பின் பொத்துவில் முதல் கல்முனை, மட்டக்களப்பு வரையான கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளர் குடும்பங்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும், அவ்வாறானதொரு அனர்த்தம் நேர்ந்திருந்தால் நட்டஈட்டுக்கு ஒரு வழி இருந்தது. எண்ணெய்த்தாங்கிக் கப்பலின் சரக்கு எண்ணெய் கசிந்தால், தவறு நிரூபிக்கப்படாவிடினும் உரிமையாளரே பொறுப்பாளி. அதற்கான காப்புறுதியும் கட்டாயமானது. உரிமையாளரின் பொறுப்பெல்லைக்கு மேற்பட்ட சேதத்துக்கு, எண்ணெயை இறக்குமதி செய்யும் நிறுவனங்களிடமிருந்து திரட்டப்படும் சர்வதேச நட்டஈட்டு நிதியம் உண்டு. 1992ஆம் ஆண்டின் இந்நிதியத்தில் இலங்கையும் அங்கத்துவம் பெற்றுள்ளது. இரு வழிகளாலும் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகில், 20 கோடி 30 இலட்சமாகும். பிரித்தானியக் கரையிலும் பிரான்ஸின் கரைகளிலும் நிகழ்ந்த அழிவுகள் பெற்றுத்தந்த ஏற்பாடு இது.

அடுத்த ஆண்டு வந்த கப்பலுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. சிங்கப்பூர்க் கொடியுடைய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' அதே ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புத்தம்புதிய கப்பல். 1,486 கொள்கலன்களுடன் 2021 மே 19ஆம் திகதி கொழும்புக்கு வந்த அது, துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 9.5 கடல் மைல் தொலைவில், எமது ஆட்புல எல்லைக் கடலினுள்ளேயே நங்கூரமிட்டிருந்தது. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அதில் இருந்தது. அமிலக் கொள்கலனொன்றில் ஏற்பட்டிருந்த கசிவு முன்னதாகவே கண்டறியப்பட்டிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹஸீரா துறைமுகமும் அக்கொள்கலனை இறக்குவதற்கு இடமளிக்கவில்லை. மே 20ஆம் திகதி தீ மூண்டது. 25ஆம் திகதி வெடிப்பு நிகழ்ந்தது. ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது ஜூன் 2ஆம் திகதி கப்பலின் பின்பகுதி கடலடியைத் தொட்டது. ஜூன் நடுப்பகுதியில் அது முற்றாக மூழ்கியது.

ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் துகள்கள் கடலில் கலந்தன. பதிவு செய்யப்பட்டவற்றுள் மிகப் பெரிய பிளாஸ்டிக் துகள் கசிவு இதுவாகும். பமுணுகமவை அண்டிய சரக்குவ கடற்கரையில் மணலை மூடி அவை குவிந்தன. இறந்த ஆமைகளும் டொல்பின்களும் கரையொதுங்கின. நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரையோரத்தின் பெரும் பகுதியில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. மக்கள் மீன் உண்ண அஞ்சினர்.

இங்குதான் விதியின் பெரும் இடைவெளி வெளிப்பட்டது. கப்பலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கடலில் வீசும் மாலுமி மார்போலின் ஐந்தாம் இணைப்பை மீறியவராவார். ஆனால், 1,680 தொன் பிளாஸ்டிக் துகள்கள் சரக்காக ஏற்றப்படும்போது அவை ஆபத்தான பொருளாகக் கூடக் கருதப்படவில்லை. மார்போலின் மூன்றாம் இணைப்பு ஆபத்தான பொருட்களின் சர்வதேசக் கோவையிலுள்ள பட்டியலைப் பின்பற்றுகின்றது. பிளாஸ்டிக் துகள் அப்பட்டியலில் இல்லை. இரசாயன சரக்குகளால் ஏற்படும் சேதத்துக்கென 1996இல் நிறைவேற்றப்பட்டு 2010இல் திருத்தப்பட்ட நட்டஈட்டுச் சமவாயம், போதிய நாடுகள் இணையாமையால் 2021இல் நடைமுறையில் இருக்கவில்லை. இருந்திருப்பினும், பொதி செய்யப்பட்ட சரக்குகளைப் பொறுத்தவரை அதுவும் இதே பட்டியலையே நாடுகின்றது.

பொறுப்புக்கு ஓர் எல்லை

நட்டஈட்டுப் பிரச்சினை இன்னும் சிக்கலானது. கப்பல் உரிமையாளரின் பொறுப்பைக் கப்பலின் தொன் அளவுக்கேற்ப ஒரு தொகைக்குள் மட்டுப்படுத்தும் கொள்கை கடற்சட்டத்தில் நீண்டகாலமாக வேரூன்றியுள்ளது. வேண்டுமென்றே சேதம் விளைவித்தார், அல்லது விளைவை அறிந்தும் பொருட்படுத்தாது நடந்துகொண்டார் என்று நிரூபித்தாலன்றி இவ்வெல்லையை உடைப்பது மிகக் கடினம். 2023இல் லண்டன் நீதிமன்றம் இக்கப்பலுக்கான பொறுப்பை ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் பவுணுக்குள் மட்டுப்படுத்தியது. சுற்றாடல் அமைப்புகளும் கொழும்புப் பேராயரும் கடற்றொழிலாளரும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த இலங்கை உயர் நீதிமன்றமோ, 2025 ஜூலை 24ஆம் திகதி 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. அரச தரப்பில் பொறுப்பு வகித்தோரின் தவறுகளையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 2025 செப்டெம்பரில் கப்பல் நிறுவனம் அத்தொகையைச் செலுத்தப்போவதில்லை என அறிவித்தது. பொறுப்பெல்லைக் கொள்கையையே அது காரணமாகக் காட்டியது.

ஒரே அழிவுக்கு இரு நீதிமன்றங்கள் இட்ட இவ்விரு பெறுமதிகளுக்கும் இடையிலுள்ள தூரமே, கப்பலை இயக்குபவருக்கும் கரையில் வாழ்பவருக்கும் இடையிலுள்ள தூரமாகும்.

அடைக்கலம் கோரும் கப்பலை ஏற்பதா, விரட்டுவதா என்ற கேள்வியும் இதனோடு இணைந்ததே. 2002இல் ஸ்பெயினின் கலீசியா கரைக்கப்பால் சேதமடைந்த 'பிரெஸ்டீஜ்' அடைக்கலம் மறுக்கப்பட்டுக் கடலில் இழுத்தடிக்கப்பட்டு, ஆறாம் நாள் இரண்டாக உடைந்தது. பாரிய கரையோரம் மாசடைந்தது. அதன் பின்னர் 2003இல் அடைக்கல இடங்கள் பற்றிய வழிகாட்டல்களைச் சர்வதேச கடல்சார் அமைப்பு வெளியிட்டது. ஆயினும் அவை வழிகாட்டல்களே, கட்டாய விதிகளல்ல. ஒரு துறைமுகம் ஆபத்தை மறுக்கும்போது அந்த ஆபத்து அழிந்துவிடுவதில்லை. அடுத்த துறைமுகத்தை நோக்கிப் பயணிக்கின்றது என்பதை 2021 மே மாதம் கொழும்பு கண்டுகொண்டது.

இதன் பின்னர் நிலைமை மாறியதா? 2024இல் பிளாஸ்டிக் துகள்களை உறுதியான பொதிகளில் அடைக்க வேண்டும், சரக்கு ஆவணத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும், இயலுமானவரை மேற்தளத்துக்குக் கீழே அடுக்க வேண்டும் எனச் சர்வதேச கடல்சார் அமைப்பு பரிந்துரைத்தது. கடலில் விழும் கொள்கலன்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற 'சோலாஸ்' திருத்தமும் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் நிறைவேற்றப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், பிளாஸ்டிக் துகள்கள் பற்றியது வெறும் பரிந்துரை மாத்திரமே. 2025 மே 25ஆம் திகதி லைபீரியக் கொடியுடைய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கேரளத்தின் கொச்சிக்கு அப்பால் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் துகள்கள் கேரளக் கரையிலும் தமிழகத்தின் தென்கரையிலும் ஒதுங்கின. அடுத்த மாதம் இலங்கையின் வடபகுதிக் கரைகளிலும் அத்தகைய துகள்கள் காணப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நாட்டின் எல்லைகள் தெரிவதில்லை.

எமது கடமை

சர்வதேச சமவாயமொன்றில் இலங்கை கைச்சாத்திடுவதால் மாத்திரம் அது எமது நீதிமன்றங்களில் சட்டமாகிவிடுவதில்லை. பாராளுமன்றம் அதற்கெனச் சட்டமியற்ற வேண்டும். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் இவ்வகையில் ஒரு முக்கிய படியாகும். அது பெரும்பாலும் எண்ணெய்க் கசிவுகளின் அனுபவத்திலிருந்து பிறந்தது. கொள்கலன் கப்பல்களின் காலத்துக்கு அது போதுமானதா என்பதை மீளாய்வு செய்வதும், சிதைந்த கப்பல்களை அகற்றுவது முதல் இரசாயன சரக்குகளுக்கான நட்டஈடு வரையுள்ள சமவாயங்களை உள்நாட்டுச் சட்டமாக்குவதும் தாமதமின்றி மேற்கொள்ளப்பட வேண்டியவையாகும். அடைக்கலம் கோரும் கப்பலை எங்கே, எந்த நிபந்தனைகளின் கீழ் ஏற்பது என்பதும் தீ மூள்வதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மற்றொன்று சாட்சியம் பற்றியது. நட்டஈடு கோருபவர் இழப்பை எண்ணிக்கையில் நிரூபிக்க வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு மீன் பிடிபட்டது, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்ற பதிவு இல்லாத கடற்றொழிலாளர், இழந்ததையும் நிரூபிக்க முடியாதவராகின்றார். மன்னார், முல்லைத்தீவு, மூதூர், கிண்ணியா, வாழைச்சேனை, கல்முனை, பேருவளை எனக் கரையோரமெங்குமுள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள் நாளாந்தப் பதிவேடுகளைப் பேணுவதும், அதிகாரிகள் அதற்கான படிவங்களையும் அனர்த்த அறிவுறுத்தல்களையும் தமிழிலும் வழங்குவதும் பெரும் செலவு தரும் காரியங்களல்ல. அடுத்த விபத்தின்போது அவையே எமது மக்களின் ஆவணமாகும்.

இறுதியாக, பிளாஸ்டிக் துகள்களை ஆபத்தான சரக்காகக் கட்டாய விதிக்குள் கொண்டுவரும் கோரிக்கையை இலங்கை தளராது முன்வைக்க வேண்டும். இன்று அதே பாதிப்பைக் கண்டுள்ள இந்தியாவும் இதில் இணைந்துகொள்வது கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும். டைட்டானிக்கின் பயணிகளும் பிரித்தானியாவினதும் பிரான்ஸினதும் கரையோர மக்களும் செலுத்திய விலைக்குப் பதிலாக உலகம் விதிகளைப் பெற்றுக்கொண்டது. எமது கடற்றொழிலாளர்கள் செலுத்திய விலைக்குப் பதிலாக ஒரு பரிந்துரை மாத்திரமே கிடைத்துள்ளது. அதனை விதியாக மாற்றும் பொறுப்பிலிருந்து ஆட்சியாளர்கள் விலகிவிடலாகாது.